சிலையும் சிப்பாயும்

யுத்தம் நியாயமானதாக இருந்தால்தான் அதில் சண்டையிட்ட சிப்பாய்க்கு மரியாதை உண்டா? தோற்றுப்போன யுத்தத்தில், அல்லது நடந்திருக்கவே கூடாத யுத்தத்தில் செத்துப்போனவனை நாம் என்ன செய்ய வேண்டும்? மாலை போடுவதா, மறந்து விடுவதா? பின்லாந்து தேசத்துப் படம் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது.

‘பெயர் தெரியாத சிப்பாய்’ என்று அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் சொல்லலாம். எட்வின் லைனே என்பவர் 1955-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு முந்தின வருஷம் வைனோ லின்னா எழுதி வெளிவந்த நாவல்தான் அதன் கதை. லின்னா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர்; தாம்பெரே நகரத்துப் பஞ்சாலையில் தொழிலாளி. 1941 முதல் 1944 வரை பின்லாந்து ரஷ்யாவோடு நடத்திய யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். ஆலை வேலை போக மிஞ்சிய நேரத்தில் எழுதினார். நம் பெரம்பூர் பின்னி ஆலையில் தறியோடு நின்ற ஒருவர், பர்மா யுத்தத்திலிருந்து திரும்பி வந்து, இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தாம் கண்டதை எல்லாம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கதைக்குக் கதாநாயகன் என்று ஒருவன் இல்லை. இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு ஒன்றில் சேர்ந்த விவசாயிகளும் தொழிலாளிகளுமே அதன் மனிதர்கள். பசி, பேன், பீடிக்குத் தவிக்கிற தவிப்பு, அதிகாரிகளைப் பற்றிய கேலி இவற்றோடு அவர்கள் நாட்கள் கழிகின்றன. ரோக்கா என்கிறவன் சண்டையில் சூரன். ஆனால் பாதையோரத்தில் அழகுக்காகக் கல் அடுக்கச் சொன்னால், ‘அதற்கா வந்தேன்?’ என்கிற தோரணையில் மறுத்து விடுகிறான். டாங்கி ஒன்றைத் தகர்த்துப் பெயர் வாங்கிய ஹியெதானென் பின்னால் கண்பார்வையை இழக்கிறான். காயம் பட்டவர்களை ஏற்றிச் செல்கிற வண்டி தாக்கப்படும்போது உயிரையும் இழக்கிறான். தோற்றுப் பின்வாங்குகிற நாட்களில், சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு சிப்பாயை அவனுடைய சொந்தக் கர்னலே சுட்டுக் கொல்கிறார்.

அந்த யுத்தமும் பெருமைப்படத்தக்க யுத்தமாக முடியவில்லை. முன்பு பறிபோன நிலத்தை மீட்கப் போகிறோம் என்றுதான் புறப்பட்டார்கள். ஹிட்லரின் ஜெர்மனியோடு தோள் சேர்ந்து போனார்கள். பழைய எல்லையையும் தாண்டிப் போனார்கள். கடைசியில் 60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தோற்றுத் திரும்பினார்கள். நாவல் வெளிவந்தபோது, இது தேசத்தையும் ராணுவத்தையும் இழிவுபடுத்துகிறது என்று சினந்தவர்களும் உண்டு. ஆயினும் அதே கதையை 1985-லும் 2017-லும் திரும்பப் படமாக்கினார்கள். பழைய படத்தைச் சுதந்திர தினமாகிய டிசம்பர் 6-ஆம் தேதி தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பது அங்கே ஒரு வழக்கமாகி விட்டது. ஜெயித்த கதையை அல்ல, தோற்ற கதையைச் சுதந்திர தினத்தில் பார்க்கிறார்கள்!

இனி நம் பக்கம் திரும்புவோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போகிறவர்கள் தினமும் பரங்கிமலையைக் கடந்துதான் போகிறோம். ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்கிற பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அந்தக் கழகத்தில் பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரத்தில் உயிர் நீத்தார். அசோகச் சக்கரம் பெற்றார். 2024-ல் ‘அமரன்’ என்று அவர் கதை படமாக வந்தபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் நம்முடைய பிள்ளை என்று பெருமிதம் கொண்டதில் தவறே இல்லை. அவருடைய துணிவு அத்தகையது. ஆனால் அதே மோதலில் அவரோடு சேர்ந்து உயிர் விட்ட விக்ரம் சிங் என்ற சிப்பாயின் பெயர் நம்மில் எத்தனை பேர் நாவில் வரும்? அதிகாரிக்குக் கதை இருக்கிறது. சிப்பாய்க்கு எண்ணிக்கைதான் இருக்கிறது.

இதுகூடப் பெரிய சங்கடம் அல்ல. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே நாம் கூசுகிறோம்.

1987 ஜூலையில் இலங்கையோடு ஒப்பந்தமாகி, அமைதி காக்கும் படை என்ற பெயரில் நம் ராணுவம் அங்கே போயிற்று. அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு யுத்தமாக மாறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் சிறைப்பட்டார். அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த நம் படையினரால் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் கொல்லப்பட்டார்கள். இரண்டும் நடந்தவை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது. பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் பரமேஸ்வரன் அந்த நவம்பரில் அங்கே இறந்து பரம வீர சக்கரம் பெற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனமில்லை என்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகாமல் இருந்து விட்டார். அது சரி என்றவர்களும் உண்டு, அவமதிப்பு என்று கொதித்தவர்களும் உண்டு.

அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் பீஹாரிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த ஒரு கிராமத்துப் பையனைச் சற்று நினைத்துப் பாருங்கள். எதற்காக அனுப்பினார்கள், யாரைக் காக்கப் போனோம், யாரைச் சுட்டோம் என்பதை அவனுக்கு விளங்கச் சொன்னவர் எவரும் இருந்திருக்க மாட்டார். அவனுக்கு இரண்டு வரவேற்புகள் காத்திருந்தன. ஒரு சாரார் ‘மாவீரனே’ என்றார்கள். இன்னொரு சாரார் ‘கொலைகாரா’ என்றார்கள். நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்தச் சிப்பாயை நடுவில் வைத்து எடுத்த தமிழ்ப் படம் எதையும் நான் கண்டதில்லை. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்துக் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இலங்கை அரசாங்கம் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. அவர்கள் புறப்பட்டுப் போன நம் கரையிலோ பேச்சு மூச்சில்லை.

இங்கே ஒரு நண்பர் என்னை மடக்கினார். “சிப்பாயும் மனிதன்தான், பாவம் என்று இரங்க ஆரம்பித்தால், ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? உங்கள் இரக்கம் கொலைக்கு மன்னிப்புச் சீட்டு ஆகி விடாதா?” என்றார். நியாயமான கேள்வி. நான் பல நாள் யோசித்தேன்.

யோசித்ததில் எனக்குப் பட்டது இது. ஒருவனைச் சிலையாக்கி விட்டால் அவனை எதுவும் கேட்க முடியாது. கேட்டால் நிந்தனை என்பார்கள். ‘உத்தரவுக்கு ஆடுகிற கருவி’ என்று சொல்லி விட்டாலும் எதுவும் கேட்க முடியாது; துப்பாக்கியிடம் யாராவது நியாயம் கேட்பார்களா? அரக்கன் என்று சொல்லி ஒதுக்கினாலும் அப்படியே. அரக்கனுக்கு ஏது மனச்சாட்சி? மனிதன் என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே, ‘நீ ஏன் சுட்டாய்?’ என்று கேட்க இடம் உண்டு. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியவர்களையும் அப்போதுதான் கேட்க முடியும். ஆகவே இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. இரக்கம் விசாரணையை மூடுவதில்லை, திறந்து வைக்கிறது.

பின்லாந்துக்காரர்கள் செய்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தங்கள் சிப்பாயை அவர்கள் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து நிறுத்தவில்லை. பயந்தவனை, திருடித் தின்றவனை, மேலதிகாரியைத் திட்டினவனை, தன் கர்னலாலேயே கொல்லப்பட்டவனை, அப்படியே கண்ணெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் மரியாதையும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வது கஷ்டம்தான். வெறும் பெருமை சுலபம். வெறும் வெறுப்பும் சுலபம்.

பரங்கிமலைக்குச் சற்று மேற்கே நந்தம்பாக்கத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 850-க்கும் மேற்பட்ட கற்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. எல்லாம் ஒரே உயரம். செத்த பிறகு கல்லில் கொடுத்த அந்தச் சமத்துவத்தைக் கதையிலும் படத்திலும் நாம் கொடுக்கத் தயாரா? கொடுப்பதானால், ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கும் அதே உயரத்தில் ஒரு கல் நட்டுத்தான் ஆக வேண்டும்.