முதல் நாள் எலுமிச்சை

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தலில் ரத்தினவேல் முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத் திருவிழாவின்போது ஒன்பது நாளும் நாளுக்கொரு எலுமிச்சையை அங்குள்ள வேலில் குத்திவைப்பார்கள். திருவிழா முடிந்து ஓர் இரவில் அந்த ஒன்பது பழங்களும் ஏலத்துக்கு வரும். வாங்கிச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. அதிலும் முதல் நாள் பழத்துக்குத்தான் சக்தி அதிகம் என்பார்கள். 2024-இல் அந்த முதல் நாள் பழத்தைக் குழந்தையில்லாத ஒரு தம்பதி 50,500 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஒன்பது பழங்களும் சேர்ந்து 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயின. செய்தி நாடெங்கும் பரவியது. பலர் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. ஒரு போகம் மல்லாட்டை போட்டு, ஆள் கூலியும் உரக்கடை பாக்கியும் போக ஐம்பதாயிரம் கையில் நின்றால் அதைப் பெரிதாக நினைக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. இங்கே ஒருவர் அவ்வளவு பணத்தை ஒரு பழத்துக்குக் கொடுக்கிறார் என்றால், அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவரை அந்த ஏலத்தில் நிறுத்தியது எது என்று பார்க்க வேண்டும்.

திண்டிவனம் பக்கம் நான் போயிருந்த ஒரு வளைகாப்பில் அதைப் பார்த்தேன். கூடத்தில் மணைபோட்டுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், பக்கத்தில் சந்தனக் கிண்ணம். “அத்தை, நீங்க வாங்க”, “பெரியம்மா, நீங்க போடுங்க” என்று ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு மூத்த மருமகள் விடியற்காலையிலேயே எழுந்து ஐந்து வகைக் கலவைச் சாதம் கிளறியவர். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திருமணமாகிப் பல வருடங்கள், குழந்தை இல்லை. மணையில் இருந்த பெண்ணே கூப்பிட்டாள்: “அக்கா, நீங்களும் வந்து போடுங்கக்கா.” மாமியார் சட்டென்று சொன்னார்: “அவளுக்குப் பந்தியில வேலை இருக்கு, விடும்மா.” யாரும் வசைச்சொல் எதையும் சொல்லவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அவர் திரும்பி உள்ளே போய் இலைகளை நறுக்க ஆரம்பித்தார்.

அதே வீட்டில் அவர் கணவர் கூடத்தின் நடுவே நின்று விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் கை பட்டால் ஆகாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தை இல்லாதது இருவருக்குமே, ஆனால் விலகி நிற்க வேண்டியிருந்தது ஒருவர் மட்டும்.

குறை யாரிடம் என்ற கேள்விக்கு மருத்துவம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் உண்டு. விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கலாம், விரைநாளங்கள் புடைத்திருக்கலாம், புகையும் குடியும் காரணமாக இருக்கலாம். பெண்ணிடம் கருக்குழாய் அடைப்போ, தைராய்டு கோளாறோ, நம் நாட்டில் பலர் அறியாமலே இருக்கும் கருப்பைக் காசநோயோ இருக்கலாம். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. இதில் பாவமும் இல்லை, சாபமும் இல்லை, நாக தோஷமும் இல்லை. ஆணுக்கான முதல் பரிசோதனை மிக எளிது, செலவும் சொற்பம். ஆனாலும் நம் வீடுகளில் அது கடைசியில்தான் நடக்கிறது, பல வீடுகளில் நடப்பதே இல்லை. “அவனுக்கென்ன, ஆம்பள” என்ற ஒரு வாக்கியத்தோடு மகனின் கணக்கு முடிந்துவிடும். பிறகு மருமகளின் ஜாதகம் மட்டும் ஊர் ஊராகப் பயணம் போகும்.

மூடநம்பிக்கையால் பணம் போகிறது என்று பேசுகிறோம். பணம் திரும்ப வரும். இங்கே போவது வயது. ஓராண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு முப்பத்தைந்து கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அந்த வயதுக்குப் பின் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். ஒரு பரிகாரம் பலிக்க ஆறு மாதம், அடுத்ததற்கு ஒரு வருடம், குருப்பெயர்ச்சி வரட்டும் என்று இன்னொரு வருடம். இப்படிக் காத்திருந்து நாற்பதை நெருங்கும்போது மருத்துவரிடம் வருகிறவர்களுக்கு, முப்பதில் எளிதாக இருந்த சிகிச்சைகூட எட்டாமல் போகிறது.

முருகனைக் கும்பிடுவதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. மயிலம் மலையேறி மனத்தை இறக்கிவைத்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஆறுதல் உண்மையானதுதான். வேண்டுதல் ஒருவரையும் ஒதுக்குவதில்லை. ‘இவளால்தான்’ என்று ஒரு நம்பிக்கை விரல் நீட்டத் தொடங்கும்போதுதான் அது பக்தியின் எல்லையைத் தாண்டுகிறது. கணவனை இழந்த பெண் நுழைந்தால் கோயில் தீட்டாகும் என்று தடுத்த ஒரு வழக்கில், அத்தகைய வழக்கங்களை நாகரிகச் சமூகத்தில் ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கண்டித்தது. அடுக்களை வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்கு எந்த நீதிமன்றமும் ஆணை தர முடியாது. வீட்டுக்குள் நடப்பது வழக்காக மாறுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைக்காக இவ்வளவு தவம் கிடக்கும் இதே சமூகம், அது எந்த மாதத்தில் பிறக்கக் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறது. சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைக்கிறோம். சீர்வரிசையோடு பெண்ணை அழைத்துப்போவது அழகான சடங்காகவே தெரிகிறது. ஆனால் 2024 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில், சித்திரையில் பிறந்த ஒரு மாதக் கைக்குழந்தையைத் தண்ணீர்ப் பேரலில் மூழ்கடித்துக் கொன்றதாக அதன் தாத்தாவே கைதானார். குழந்தையால் குடும்பத்துக்குக் கேடு வரும், கடன் ஏறும் என்று அவர் அஞ்சியதாகக் காவல்துறை சொன்னது. அந்த அச்சம் அவருக்குள் தானாக முளைத்ததல்ல. ஆடிதோறும் நாம் சிரித்த முகத்தோடு பேசிக்கொள்ளும் அதே பேச்சுத்தான் அது. நம்மிடம் அது விருந்தாக நின்றுவிட்டது, அவரிடம் கொலைவரை போயிற்று.

மூடநம்பிக்கைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படுகிறேன். அப்படி ஒரு சட்டத்துக்காகப் போராடிய நரேந்திர தபோல்கர் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட 2013-லேயே மகாராஷ்டிரம் அதைக் கொண்டுவந்தது. பெரியார் பிறந்த மண்ணில் அப்படி ஒன்று இன்னும் இல்லாதது வருத்தம் தருகிறது. ஆனாலும் வளைகாப்பில் யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிப்பது வீட்டுப் பெரியவர்கள்தான். திருமணமாகிச் சில மாதங்களிலேயே “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று மருமகளிடம் கேட்கத் தொடங்குபவர்களும் அவர்கள்தான். அந்தக் கேள்வியை அவர்கள் நிறுத்தட்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மகனைத் தனியே கூப்பிட்டு, “நீயும் கூடப் போ, உனக்கும் டெஸ்ட் எடுத்துக்கோ” என்று சொல்லட்டும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையிலேயே, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.