நிழலும் ஒரு ஸதகாவே

 

தான் படைத்தவற்றிலிருந்து நமக்கு நிழலைத் தந்ததையும் தன் நிஃமத்துகளில் ஒன்றாக அல்லாஹு தஆலா அந்நஹ்ல் சூராவின் 81-ஆவது ஆயத்தில் எடுத்துச் சொல்கிறான். அதற்கு நாம் செலுத்தும் ஷுக்ரு என்ன?

நம் தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். ஈயம் தோண்டிய குழிகளை 1880-ல் ஏரிப் பூங்காவாக்கினார்கள். அங்கே தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுமளவு கிளை தாழ்த்தி நிற்கின்றன. அந்த நிழலை விட்டுக் கடைத்தெருவுக்கு வாருங்கள். வித்தியாசத்தை உடம்பே சொல்லும்.

தாரும் சிமெந்தும் பகலில் வாங்கிய வெயிலை இரவெல்லாம் மெல்ல வெளிவிடுகின்றன. மரமோ வேர் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கிக் காற்றைக் குளிரச் செய்கிறது. ஏர்கண்டிஷனோ உள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியே தள்ளுகிறது.

"இது கோலாலம்பூருக்குள்ள தொல்லை, நம் சிற்றூருக்கு ஏது?" என்பீர்கள். ஓக் என்னும் அறிஞர் கனடாவின் கியூபெக் மாநில ஊர்களில் அளந்து 1973-ல் வெளியிட்டார். ஆயிரம் பேரே வாழும் ஊரிலும், காற்றில்லாத தெளிந்த இரவுகளில், சுற்றியுள்ள வயல்வெளியைவிட உஷ்ணம் கூடியிருந்தது.

சொல்ல வெட்கமாயிருக்கிறது, சகோதரர்களே! கிடங்கு கட்டுவதற்காகக் கடைக்குப் பின்னால் நின்ற மாமரத்தை வெட்டியவன் நான். மீதி மண்ணுக்கும் சிமெந்து பூசினேன். ஏர்கண்டிஷனும் வைத்தேன். அதன் அனல் பின்சந்தில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரின் ஜன்னலுக்கு நேரே போயிற்று. ஒருநாள் அவர் ஃபஜ்ருத் தொழுகைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, தம்பி" என்றார். காரணம் யாரென்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது.

எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டான் அச்சமற்றிருக்கவில்லையோ அவன் முஃமின் அல்லன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவதையும் தடுத்தார்கள். அசுத்தப்படுத்துவதே குற்றமென்றால், நிழலையே அழிப்பவன் கதி என்ன?

அந்த அனல் வாயைக் கூரைக்கு மேலே திருப்பினேன். சிமெந்தை உடைத்து ஒரு மாங்கன்று நட்டேன். அது நிழல் தர வருஷங்கள் செல்லும். பெரியவர் அதைப் பார்ப்பாரோ, அல்லாஹ்வே அறிவான்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால், அது அவனுக்கு ஸதகாவாகும் என்பது ஹதீஸ். ஆகவே கடை முற்றமோ பள்ளிவாசல் முற்றமோ, முழுவதும் சிமெந்து பூசாதீர்கள். கோடரியை எடுக்குமுன் அண்டை வீட்டாரின் இரவை நினையுங்கள்.

அல்லாஹ் நம் பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.