கண்ணகியின் சினமும் சாத்தனாரின் தீர்ப்பும்

குரங்கொன்றின் பெயரால் 1981-ஆம் ஆண்டு வெளிவந்த டாங்கி காங் என்னும் வீடியோ கேமில் ஏணியேறித் திரிந்த மாரியோ என்னும் தச்சன், 1985-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் தனி விளையாட்டுக்கு நாயகனாகி, பிறந்த வீட்டையே மறக்கச் செய்துவிட்டான். மூலத்திலிருந்து கிளைத்த ஒன்று மூலத்துக்கு எவ்வளவு கடமைப்பட்டது, அதன்மீது தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு உண்டா என்பது விளையாடுவோருக்கு மட்டும் உரிய வினாவன்று. மதுரையை முன்னிட்டு நம் சமய உலகம் முன்பே எதிர்கொண்ட வினா அது.

சிலப்பதிகாரத்தின் கிளை மணிமேகலை. கோவலனுக்கு மாதவியிடம் பிறந்த மகளே அதன் நாயகி. அதைப் பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். நள்ளிரவில் வெள்ளியம்பலத்தில் கிடந்தபோது மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழவினை உரைத்ததைக் கேட்டதாக இளங்கோவடிகளிடம் சொன்னவரும் அவரே என்பது சிலப்பதிகாரப் பதிகம் தரும் செய்தி. ஆகவே அவர் மூலத்துக்குப் புறம்பானவர் அல்லர்; அதற்குள்ளேயே சாட்சியாக நிற்பவர்.

அந்தத் தெய்வம் உரைத்தது என்ன? கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று சொல்லிக் கொல்வித்தான். அதன் பயனே மதுரையில் அவன் பட்ட கொலை. கர்ம நியதி கோவலனைத் தொட்டது; பாண்டியனையும் தொட்டது. ஆனால் ஊரையே எரித்த கண்ணகியிடம் வந்ததும் மூலகாவியம் மௌனமாகிறது: பதினான்காம் நாள் அவள் கணவனோடு விண்ணேறுகிறாள், சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லெடுத்து வஞ்சியில் கோயில் சமைக்கிறான்.

சாத்தனார் அந்த மௌனத்தில்தான் நுழைகிறார். அதே வஞ்சிக் கோயிலில் மணிமேகலை வணங்கி நிற்க, கண்ணகியின் பிரதிமையே பேசுகிறது: நல்வினைப் பயனால் இப்போது தேவபதவி, அது தீர்ந்தபின் மதுரையை எரித்த சினத்தின் பாவம் வந்தே தீரும், பல பிறவிகளில் உழன்று கடைசியில் புத்தர் அறம் கேட்டே பிறப்பறும் என்று. தெய்வத்தின் வாயாலேயே தெய்வத்துக்குத் தண்டனை சொல்ல வைத்த இந்தத் துணிவை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது துரோகம் என்று சொல்பவர் உண்டாயின், அவர் ஒன்றைக் கருதவேண்டும்: சாத்தனார் மூலத்தின் ஒரு சம்பவத்தையும் மறுக்கவில்லை; சிலம்பு உடைந்ததும் கூடல் எரிந்ததும் அவருக்கும் உண்மை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று மூலம் தானே பிரகடனம் செய்த நியதியை, அது நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டுசென்றார், அவ்வளவே. மூலத்தின் நிகழ்ச்சிகளை அழித்து எழுதும் கிளைக்கு உரிமையில்லை. மூலத்தின் தர்மத்தைக் கொண்டே மூலத்தைக் கேள்வி கேட்கும் கிளைக்கு அவ்வுரிமை பூரணமாக உண்டு என்பதே என் முடிபு.

சித்திரைப் பௌர்ணமியில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மங்கலதேவி மலையேறும் பக்தர்களுக்குக் கண்ணகி பாவம் சுமப்பவள் அல்லள், வரம் தரும் தாய். அந்தப் பக்திக்கு மணிமேகலையால் ஒரு குறையும் நேரவில்லை. மதுரைக் காண்டத்தைப் படித்துக் கண்ணகியோடு சினந்து எழும் நம் இளைஞர்கள், மணிமேகலையில் வஞ்சிமாநகர் புக்க காதையையும் அடுத்தே படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.