சொந்தக் கையிருப்பு

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குக் கணக்கு எழுதுவது தொழில் மட்டுமன்று. அது ஒரு மனப்பழக்கம். எங்கள் வலையபட்டியைப் போன்ற ஊர்களில் பழைய பேரேட்டைப் பிரித்தால் பிள்ளையார் சுழியும் அதன் கீழே வரவும் பற்றும் இருக்கும். தர்மத்துக்கென்று ஒதுக்கிய மகமைக்கும் அதில் இடம் உண்டு. இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதத் தெரிந்தவன் ஆண்டவனோடும் ஒரு பற்று வரவு வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் வியப்பில்லை. 'இத்தனை பேருக்கு அன்னமிட்டேன்; என் மனத்துக்கு நிறைவு எங்கே?' என்று கேட்கிறான்.

அறவழியில் வாழ்ந்தால் ஆத்ம நிறைவு கிட்டுமா? நான் கிறிஸ்தவனல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவம் தரும் விடை, கணக்குப்பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கும் விடை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் சகேயு என்று ஒருவன் வருகிறான். எரிகோ நகரத்தில் வரி தண்டுவோரின் தலைவன், பணக்காரன், ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தவன். குள்ளனானதால் மரத்தின் மேல் ஏறி இயேசுவைப் பார்க்கிறான். அவரோ அண்ணாந்து பார்த்து, அன்று அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்கிறார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சகேயு சொல்வது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அவன் கொடுத்ததனால் விருந்தாளி வரவில்லை. விருந்தாளி வந்ததனால் அவன் கொடுத்தான். அறம் அங்கே விலை அன்று, நன்றி.

அப்படியானால் அறம் இல்லாமலே நிறைவு பெற்றுவிடலாமா? அதற்கு இடமில்லை என்று சொன்ன ஒருவரின் இரத்தம் நம் சீமைக்குக் கிழக்கே, திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் சிந்தியது. அவர் அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, தமிழ்நாட்டில் துறவிக் கோலம் பூண்டு, புலால் விலக்கி வாழ்ந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பிறகு போர்ச்சுக்கல் சென்றபோது, இளமைத் தோழரான அரசர் பெட்ரோ தடுத்தும் கேளாமல் திரும்பி வந்தார்.

அப்போது தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர், நோய் தீர்ந்த நன்றியில் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியருள் ஒருத்தியோடு மட்டும் வாழ்ந்தால்தான் தர முடியும் என்றார் அருளானந்தர். தலைவர் இசைந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

வாழ்க்கையை மாற்றாமல் சமயத்தை மட்டும் மாற்றிக்கொள்ள அவர் விடவில்லை. ஒரு தலைவரின் தயவை இழந்தாலும் பரவாயில்லை என்று நின்ற அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் கதை எழுதுகிறவன் மனம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. விலக்கப்பட்ட அந்தப் பெண்ணிடமும் போகிறது. அவள் செய்த குற்றம் என்ன? ஒருவர் புதிதாக ஏற்ற அறத்துக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அவளைப் பொல்லாதவளாகச் சித்திரித்துவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும், நியாயம் முடியாது.

இங்கேதான் சகேயு மறுபடியும் நினைவுக்கு வருகிறான். அவன் திருப்பிக் கொடுத்தது தன் கையிருப்பிலிருந்து. அருளானந்தர் கொடுத்ததும் தம் சொந்த உயிர். தடியத்தேவர் செலுத்திய கடனில் ஒரு பகுதியோ பிறர் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அந்தக் காலத்து வழக்கங்களுக்குள் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. இருந்தாலும் பற்று பற்றுதான்.

இது அரசர் காலத்தோடு போய்விட்ட சங்கடம் அன்று. லஞ்சம் வாங்காத உத்தியோகஸ்தர் ஒருவர், அந்தப் பெருமையைத் தாம் வைத்துக்கொண்டு, அதன் நெருக்கடியை மனைவியின் தலையில் இறக்கிவிட்டு, 'ஏன் முகம் வாடுகிறாய்?' என்று அதட்டினால் அவருடைய நேர்மை பொய்யாகிவிடாது. ஆனால் அவருக்கு நிறைவு வராது. பிறர் பணத்தில் உண்டியலில் காசு போட்டவனுக்கு எந்த நிறைவு வரும்?

முதல் தமிழ் நாவலைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். முன்சீபாக வேலை பார்த்தவர். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி வைத்தார். வந்தவர்களின் சமயத்தைப் பசி கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வாளும் இல்லை, சிறையும் இல்லை. ஓர் உத்தியோகஸ்தரின் சேமிப்பு கஞ்சியாகக் கரைந்தது, அவ்வளவுதான். நம்மைப் போன்ற நடுத்தர மனிதர்களுக்கு எட்டுகிற உயரம் அது.

அறம் செய்தால் நிறைவு கிட்டுமா என்பதைவிட, அந்த அறத்துக்கு யார் செலவழிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நம் சுகத்தில் குறைத்து, நம் கௌரவத்தில் விட்டுக்கொடுத்துச் செய்த காரியம் எத்தனை சிறியதானாலும், அதற்குப் பிறகு மனம் கூலி கேட்பதில்லை. கூலி கேட்க மறந்த அந்த நிலைக்குத்தான் நிறைவு என்று பெயர்.