பள்ளியும் காவலும்: மன்னிக்கும் உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

பள்ளி வளாகத்திற்குள் சீருடையும் துப்பாக்கியும் தாங்கிய காவலர் நாள்தோறும் இருக்க வேண்டுமா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் 1950களில் இளையோர்க்கும் காவல்துறைக்கும் இடையே நல்லுறவை வளர்க்கும் முயற்சியாகத் தொடங்கிய இம்முறை, கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் 1999இல் நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னர்க் கூட்டரசின் நிதியுதவியால் நாடெங்கும் விரிவடைந்தது. அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதியில் இன்று ஏதேனும் ஒரு வகையில் காவல் அலுவலர் பணியாற்றுகிறார். அவரால் பாதுகாப்புக் கிட்டுகிறதா என்னும் அளவிலேயே விவாதம் பெரிதும் நடைபெறுகிறது. அதனினும் முற்பட்ட வினா ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. தவறு செய்த குழந்தை அத்தவற்றை யாரிடம் சொல்லலாம் என்பதே அது.

பாதுகாப்பு என்னும் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஜார்ஜியா மாநிலத்து அப்பலாச்சி உயர்நிலைப்பள்ளியில் 2024 செப்டம்பரில் துப்பாக்கி ஏந்திய மாணவன், பள்ளிக் காவல் அலுவலர்கள் எதிர்கொண்டவுடன் சரணடைந்தான். அதற்குள் நால்வர் உயிரிழந்திருந்தனர். அலுவலர்கள் அங்கு இல்லாதிருந்தால் இழப்பு மிகுந்திருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை. ஆயினும் கொலம்பைனிலும் ஆயுதம் தாங்கிய காவல் அலுவலர் ஒருவர் இருந்தார். புளோரிடாவின் பார்க்லண்டில் 2018இல் பதினெழுவர் கொல்லப்பட்டபோது பள்ளிக் காவல் அலுவலர் கட்டடத்திற்கு வெளியிலேயே நின்றார். டெக்சாசின் யுவால்டே பள்ளி மாவட்டம் தனக்கெனக் காவல் பிரிவே வைத்திருந்தது; 2022 மே மாதத்தில் அங்கு வந்து குவிந்த காவலர் 376 பேர்; கொலையாளி இருந்த அறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடம் ஆயிற்று; 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். இந்நிகழ்ச்சிகளைக் கூட்டிக் கழித்து முடிவு காண முயல்வது பயனற்றது. பல்லாயிரம் பள்ளிகளில் இத்தகைய கொடுமை ஒருநாளும் நிகழ்வதில்லை. அங்கெல்லாம் காவலர் நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதே எண்ணத்தக்கது.

தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் 2015 அக்டோபரில் நடந்தது இதற்குத் தக்க சான்றாகும். வகுப்பறையில் கைப்பேசியை எடுத்த மாணவியொருத்தி வெளியேற மறுத்தாள். ஆசிரியர் நிர்வாகியை அழைத்தார். நிர்வாகி காவல் அலுவலரை அழைத்தார். அலுவலர் அவளை இருக்கையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்தார். பின்னர் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்பது உண்மை. எனினும் அம்மாணவி மீதும், எதிர்த்துக் குரலெழுப்பிய மற்றொரு மாணவி மீதும் பள்ளிக்கு இடையூறு விளைவித்ததாகக் குற்றச்சாட்டுப் பதியப்பட்டது. இதற்கு அடிப்படையான சட்டத்தின் வரலாறு வியப்பளிப்பது. 1919இல் அது இயற்றப்பட்டபோது, பெண்கள் கல்வி நிலையங்களைச் சுற்றித் திரிந்த வெளியாரைத் தடுப்பதே அதன் நோக்கம். உள்ளிருப்போரைக் காக்க எழுந்த சட்டம் காலப்போக்கில் உள்ளிருப்போர் மீதே பாய்ந்தது. 2018இல்தான் அது மாணவருக்குப் பொருந்தாது எனத் திருத்தப்பட்டது.

தமிழில் பிழை, தவறு, குற்றம் ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று வழங்குவதுண்டு. இன்றைய வழக்கிலோ குற்றம் என்பது சட்டத்தின் வாயிலாக ஒறுக்கப்படுவதையே பெரும்பாலும் சுட்டுகிறது. பள்ளியில் நிகழ்பவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை பிழைகள், சில தவறுகள், மிகச் சிலவே குற்றங்கள். எது எவ்வகையினது எனத் தீர்மானிப்பவர் மாறும்போது வகையும் மாறிவிடுகிறது. பள்ளிக் காவலர் இருக்குமிடத்தில் மாணவரிடைச் சண்டைகள் ஓரளவு குறைகின்றன என்றும், இடைநீக்கமும் கைதும் கூடுகின்றன என்றும், அவற்றின் சுமை கறுப்பின மாணவர் மீதே மிகுதியாக விழுகிறது என்றும் அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. துப்பாக்கி நிகழ்வுகளை அவர்கள் தடுப்பதாக அவ்வாய்வுகள் காட்டவில்லை.

இச்சிக்கலின் உள்ளிடத்தைத் தொடுவது, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுந்து 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு. அக்கம்பக்க வீடுகளில் நடந்த திருட்டுகள் தொடர்பாக ஏழாம் வகுப்பு மாணவனான அவனைச் சீருடைக் காவலர் ஒருவர் வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று ஓர் அறையில் அமர்த்தினார். அங்கே புலனாய்வாளரும் பள்ளி நிர்வாகிகளும் இருந்தனர். பேசாதிருக்கும் உரிமை அவனுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. வளர்த்த பாட்டிக்குத் தெரிவிக்கப்படவில்லை. துணைத் தலைமையாசிரியர், நேர்மையானதைச் செய்யுமாறும் உண்மை எப்படியும் வெளிப்படும் என்றும் அவனுக்கு அறிவுரை கூறினார். தடுப்புக்காவல் பற்றிய அச்சமும் ஊட்டப்பட்டபின் அவன் ஒப்புக்கொண்டான். தான் காவலில் இருப்பதாகச் சிறுவன் உணர்ந்திருப்பானா என்பதை முடிவு செய்யும்போது அவனது வயதைக் கணக்கிற்கொள்ள வேண்டும் என ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது.

நீதிமன்றத்தின் கவலை வயது. அறவியலின் கவலை அத்துணைத் தலைமையாசிரியரின் சொற்கள். உண்மையைச் சொல் என்பது ஆசிரியர் உலகெங்கும் மாணவரிடம் சொல்லும் சொல். அதில் பிழை காண்பார் இலர். அதே சொல் காவலரின் முன்னிலையில் சொல்லப்பட்டபோது புலன்விசாரணையின் கருவியாயிற்று. சிறுவன் ஆசிரியருக்குக் கீழ்ப்படிந்தான்; கீழ்ப்படிந்தமையே அவனுக்கு எதிரான சான்றாயிற்று. தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வரையறுத்த குறள் மரபில் பயின்றோர்க்கு இங்கு எழும் இடர்ப்பாடு விளங்காமற்போகாது. உண்மையைக் கேட்பதற்கு ஒருவருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? கேட்டபின் மன்னிக்கவும் இயலும் என்பதிலிருந்தே அது வருகிறது. ஆசிரியரால் மன்னிக்க இயலும். தண்டித்தாலும் அத்தண்டனை பள்ளியின் சுவருக்குள் தொடங்கி அங்கேயே முடியும். காவலரால் இயலாது, அவர் கேட்டது பதிவாகும்.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியருக்கு உவமையாகக் கூறுவனவற்றுள் நிலம் ஒன்று. நிலத்தின் பண்புகளுள் பொறையும் ஒன்று. திருக்குறளிலும் பொறையுடைமை இல்லறவியலில் வைக்கப்பட்டிருக்க, ஒறுத்தலை வேந்தனுக்குப் பழியாகக் கருதாது கடமையாகவே கொள்ளும் செங்கோன்மை அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. கண்ணோட்டமும் அரசியலில்தானே உள்ளது, எனவே காவலரும் கண்ணோட்டம் உடையவராக இருக்கலாமே என இங்கு ஒரு மறுப்பு எழலாம். அம்மறுப்பு வலிமையானதே. ஆயின் அவ்வதிகாரம் பேசும் கண்ணோட்டம் ஆள்வோனுக்குரியது. ஏவலரின் விருப்பத்திற்கு அதனை விட்டால் ஒரு மாணவனுக்கு அருளும் மற்றொருவனுக்கு விலங்குமாக அது பிரியும். மேற்சுட்டிய நிறவேறுபாடு நுழையும் வாயில் இதுவே.

ஆசிரியரைப் புகழும் இலக்கண மரபை மட்டும் எடுத்துக்காட்டி அமைவது நேர்மையாகாது. தமிழாய்வுக் கட்டுரைகள் நன்னூலைக் காட்டுமளவிற்குத் திண்ணைப்பள்ளிப் பிரம்பைக் காட்டுவதில்லை. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்யக் கல்வி உரிமைச் சட்டத்திற்கு 2009இல் 17ஆம் பிரிவு வேண்டியிருந்தது. மேலும், குழந்தைக்குப் பாலியல் தீங்கு இழைத்தவர் ஆசிரியராகவே இருக்கும்போது பள்ளியின் மன்னிப்பு வெறும் மூடிமறைப்பாகும். பிறருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மன்னிக்கப் பள்ளிக்கு உரிமையில்லை. ஆகவேதான் 2012ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என விதிக்கிறது.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு ஈண்டுக் கருதத்தக்கது. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும் அலுவலர் சீருடையில் இருத்தலாகாது; குழந்தையின் இல்லத்திலோ, வழக்கமாக வாழும் இடத்திலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பதியப்பட வேண்டும். இளைஞர் நீதி மாதிரி விதிகளும் (2016) குழந்தைகளோடு பழகும் காவலர் இயன்றவரை எளிய உடையில் இருக்க வேண்டும் என்கின்றன. காவலர் வரவே கூடாது என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. அழைக்கப்பட்டு வர வேண்டும், அச்சுறுத்தும் கோலத்தைக் களைந்து வர வேண்டும் என்கிறது. நிலையாக அமர்த்துவதற்கும் வேண்டும்போது வரவழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் அமைந்துள்ளது. 2010இல் கேரளத்தில் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டமும் ஆசிரியர்களையே பொறுப்பாளராக்கியது; காவலர் பயிற்சி தந்துவிட்டுத் திரும்புவர். பயிற்சிக்கும் கண்காணிப்புக்கும் இடையிலுள்ள கோடு அத்திட்டத்தில் எவ்வளவு காலம் அழியாதிருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

கொலராடோவின் டென்வர் நகரம் 2020இல் பள்ளிகளிலிருந்து காவலரை விலக்கியது. 2023 மார்ச்சில் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் நிர்வாகிகள் இருவர் சுடப்பட்டபின் மீண்டும் அழைத்துக்கொண்டது. அங்குள்ள பெற்றோரின் அச்சத்தை எளிமையாக எடைபோடுவது, அத்தகைய துப்பாக்கிப் புழக்கமற்ற நாட்டிலிருந்து எழுதுவோர்க்குத் தகாது. ஆயினும், ஆயுதம் கொண்டுவந்திருக்கக்கூடும் என்று பள்ளி அறிந்திருந்த மாணவனைக் காவலர் அல்லாத அந்நிர்வாகிகளே சோதிக்க நேர்ந்தது என்பதையும் உடன் எண்ண வேண்டும். அது காவலரை வரவழைத்தற்குரிய பணி. அதன்பொருட்டு ஆயிரம் மாணவரின் கைப்பேசிச் சச்சரவுகளையும் அவர் முன் வைக்க வேண்டுவதில்லை.

சட்டம் தெளிவாக இருந்தும் இந்தியாவில் நடந்ததைக் கருநாடகத்தின் பீதர் காட்டுகிறது. 2020 சனவரியில் அங்குள்ள பள்ளியொன்றில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய நாடகத்தைச் சிறுவர்கள் நடித்தனர். அரசத்துரோக வழக்குப் பதியப்பட்டது. காவலர் பன்முறை பள்ளிக்கு வந்து குழந்தைகளை வினவினர். வசனத்தை எழுதியவர் யார், சொல்லிக்கொடுத்தவர் யார் என்பன அவ்வினாக்கள். தலைமையாசிரியரும் ஒரு குழந்தையின் தாயும் கைதாயினர். சேப்பல் ஹில்லில் ஆசிரியரின் சொல் மாணவனுக்கு எதிராயிற்று. பீதரிலோ குழந்தைகளின் உண்மை, கற்பித்தவர்க்கும் பெற்றவர்க்கும் எதிராகத் திரட்டப்பட்டது. சீருடையில், ஆயுதத்தோடு குழந்தைகளை விசாரித்தது இளைஞர் நீதிச் சட்டத்தை மீறியதாகவே தோன்றுகிறது எனக் கருநாடக உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் குறிப்பிட்டது. துரோக வழக்கு 2023 சூனில் நீக்கப்பட்டது.