விதை தந்த வேரும் தண்டு விட்ட வேரும்

முன்னோர் விட்டுச்சென்ற மரபு மட்டுமே ஒரு சமுதாயத்தைத் தாங்கிநிற்குமா? சிங்கப்பூரின் வீட்டுத் தோட்டத்தில் நாட்டு மக்காச்சோளத்தை விதையெடுத்து வளர்ப்போர் அதன் வேரை நோக்கின் விடை புலப்படும். விதை தரும் முதல் வேர்கள் இளம்பயிருக்குப் போதும். ஓங்கிய பயிருக்குப் போதா. எனவே தண்டின் கணுக்களே புதுவேர் விடுகின்றன. மண்ணுக்கு மேலுள்ள கணுக்களிலிருந்தும் முட்டுவேர்கள் இறங்கிப் பயிரைச் சாயாமல் தாங்குகின்றன. மெக்சிகோவில் தோன்றிய பயிர் அயல்மண்ணிலும் ஊன்றி நிற்பது இவ்வாறே.

தமிழுக்கும் இஃது ஒக்கும். 1965ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைச் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக உறுதிசெய்தது. சிராங்கூன் சாலையில் முன்னோர் தமிழ் வழக்கை வளர்த்தனர். இவை விதைவேர்கள். இல்லந்தோறும் இளையோர் பேசும் தமிழே முட்டுவேர். பெற்றதைப் போற்றுவது நன்று. ஆயின், தானே வேர்விடாத தலைமுறை மரபின் பெருமையைப் பேசிக்கொண்டே சாய்ந்துவிடும்.