கோட்டையும் முதுசொமும்

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, நாம் கற்பிக்கும் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு பழைய யாழ்ப்பாணத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். காலைப் பொழுது நல்லூரிற் கழிந்தது. சங்கிலியன் தோப்பு என்பது இன்று பெரும்பாலும் பெயரளவில்தான் உண்டு. பருத்தித்துறை வீதியோரம் வளைவு வாயில் ஒன்று நிற்கிறது; அதற்கப்பால் அரசர் உலாவிய சோலையை நாமே மனத்தில் நட்டுக்கொள்ள வேண்டும். யமுனா ஏரி எனப்படும் கேணி ‘ப’ என்னும் எழுத்தின் வடிவிற் கிடக்கிறது. பிற்பகல் பண்ணைக் கடலோரத்துக் கோட்டைக்கு வந்தோம். காலையில் வாயிலின்றி வேறொன்றும் காணாத பிள்ளைகள், இங்கே அகழியையும் மதிலையும் கண்டு வியந்து நின்றனர். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், இது எங்கட கோட்டையோ, அவையின்ர கோட்டையோ?”

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவன் கேட்டது வரலாற்று வினா மட்டுமன்று, அறவினாவும் ஆகும். கொடுமையிற் பிறந்த ஒரு பொருள் அழகாய் இருக்குமானால், அந்த அழகை நாம் எவ்வுரிமையோடு துய்ப்பது?

கோட்டையின் கதை சுருக்கமானது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே நாற்சதுரமாக ஒரு கோட்டை எழுப்பினர். அவர்களின் தளபதி பிலிப் தே ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அக்கோயிலின் கற்கள் இக்கோட்டைக்குச் சுமந்து வரப்பட்டன என்பது வழிவழியாய் வரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றி, அதனை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். வெளியரண்கள் முற்றுப்பெற்றது 1792இல். மூன்றே ஆண்டில், 1795இல், ஆங்கிலேயர் எதிர்ப்பின்றி அதனைப் பெற்றுக்கொண்டனர். தலைமுறைகள் பலவற்றின் உழைப்பை விழுங்கி எழுந்த அரண், கட்டியவர்களையே காக்கவில்லை.

ஆயினும் அழகு இல்லையென்று எவரும் சொல்லார். ஐந்து கொத்தளங்களும் ஒரு விண்மீனின் முனைகள்போற் புறம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அழகுக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்த கொத்தளத்தின் அடிச்சுவரைக் காண்பான். மதிலை அண்டுகின்றவன் எந்தப் பக்கத்தாலும் மறைந்து வர முடியாது. நாம் மாலைக்காற்று வாங்கும் முற்றவெளியும் நமது உலாவுக்காக வெறுமையாக விடப்பட்டதன்று. வருபவனைச் சுடுவதற்காக விடப்பட்ட வெளி. அச்சத்தை அளந்து வரைந்த கணிதமே இங்கு அழகாய்த் தோன்றுகிறது.

இத்தகைய சின்னங்களைப்பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உள்ளன. ‘காலம் கழுவிவிட்டது, கலையைக் கலையாகப் பாருங்கள்’ என்பது ஒன்று. காலம் இரத்தத்தைத் தானாகக் கழுவுவதில்லை. பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான், அவ்வளவே. மேலும், இங்கே காலம் அதிகம் கடந்துவிடவுமில்லை. 1990இல் இக்கோட்டையைச் சுற்றி முற்றுகை நடந்தது. உள்ளிருந்து பறந்த எறிகணைகள் நகரில் வீழ்ந்தன. 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவிற் கட்டிய தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாயிற்று. இன்று நிமிர்ந்து நிற்கும் மதில்கள், போர் ஓய்ந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் செப்பனிடப்பட்டவை.

மற்றக் கருத்து: ‘இது அந்நியனின் அடிமைச்சின்னம், நமக்கு இதில் என்ன பங்கு?’ இதில் நியாயம் இருக்கிறது. 1789இல் பாரிஸ் மக்கள் பஸ்தில் சிறைக்கோட்டையைப் பிடித்தனர். அது இடிக்கப்பட்டு, அதன் கற்களிற் சில செயின் நதிப் பாலத்துக்குப் பயன்பட்டன. அடக்குமுறையின் கல்லை மக்கள் நடக்கும் வழியாக்கியது பெருஞ்செயலே. ஆனால் நாம் ‘அந்நியன்’ என்று விரல் நீட்டும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்நியன் கட்டளையிட்டான், கல் சுமந்தவர் யார்?

ஒல்லாந்தர் காலத்தில் ‘ஊழியம்’ என்றொரு கட்டாய வேலைமுறை இருந்தது. அந்தச் சுமை எல்லாத் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை. சாதி பார்த்தே விழுந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் எழுதப்பட்டன. அத்தொகுப்பைப் பார்த்து ஒப்புக்கொண்டவர் நம்மூர் முதலிமார் பன்னிருவர். மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது நம் வழக்கந்தான் என்பதற்கு நம்மவரே சான்றாயினர். அடிமைமுறை சட்டத்தால் நீங்கியது 1844இல். சட்டம் நீங்கியபின்னும் வழக்கம் நீங்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் நின்று உரிமை கேட்க வேண்டியிருந்தது. ‘நமது கோயிற் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டினான்’ என்று நாம் சினந்து சொல்லும்போது, அந்த ‘நமது’ என்னும் சொல்லுக்குள் கோயிலுக்குள் விடப்படாதவர்களும் அடங்குவார்களா? இதைக் கேட்காமல் விடுகிற வரலாறு பாதி வரலாறே.

இவ்விடத்தில் அதே தேசவழமையின் சொல் ஒன்று நமக்குத் துணைவருகிறது. முன்னோர் வழிவந்த சொத்தை அது முதுசொம் என்கிறது. பெற்றோர் பட்ட கடனை மக்கள் இறுக்க வேண்டும் என்பதும் அதன் முறையே. காணியை மட்டும் எடுத்துக்கொண்டு கடனுக்குக் கைவிரிப்பவனை ஊர் மதிப்பதில்லை. கோட்டையும் நமக்கு வந்த முதுசொமே. கட்டியவனின் வெற்றியினால் அன்று, சுமந்தவரின் வியர்வையினால் அது நம்முடையதாகிறது. அந்த வியர்வைக்கு உரியவர்களை அன்று ஏவியவர்களும் நம் பாட்டன்மாரே. ஆகவே கடனும் நம்முடையதே.

கொத்தளங்கள் ஐந்துக்கும் ஒல்லாந்தர் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர். சீலாந்து, ஒல்லாந்து என்று அப்பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. முருகைக்கல்லைக் கடலோரத்திலிருந்து இங்கே கொண்டுவந்தவர் ஒருவரின் பெயரும் கொத்தளம் எதற்கும் இல்லை. அழகைத் துய்ப்பது பிழையன்று. பிள்ளைகள் மதில்மீது ஓடுவதும், மாலையில் மண்டைதீவுப் பக்கம் நோக்கி அமர்ந்திருப்பதும் மகிழத்தக்கனவே. சுமந்தவரை மறந்து துய்ப்பதுதான் பிழை.

மாணவனுக்கு விடை சொன்னோம்: “எங்கட கோட்டைதான். ஆனால் எங்கட எண்டு சொன்னால், கல்லுச் சுமந்தவையின்ர கணக்கையும் நாங்கள்தான் தீர்க்கவேணும்.” அவன் மேலும் கேட்டான்: “எப்பிடித் தீர்க்கிறது, சேர்? அவையள் ஒருத்தரும் இப்ப இல்லையே.”

திரும்பும் வழி முழுவதும் அவ்வினா நம்மைத் தொடர்ந்தது. இறந்தவர்க்கு எவரும் எதையும் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் திங்கட்கிழமை வகுப்பறைக்குள் நுழைந்தபோது, ஏவியவரின் வழிவந்த பிள்ளையும் சுமந்தவரின் வழிவந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பதைக் கண்டோம். மாலையில் மணி அடித்ததும், ஒருவன் வீட்டு முற்றத்தில் மற்றவன் எங்கே நிறுத்தப்படுகிறான், எந்தக் குவளையில் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப்படுகிறது என்பதும் நமக்குத் தெரியும். கடன் இறுக்கவேண்டிய இடம் அந்த முற்றமே.